காத்திருந்ததற்குப் பத்தி இல்லை

சிலேத்தாரில் காலை ஐந்து நாற்பது.
முதலாளி எட்டுக்கு என்றார்.
முதலாளிகளின் எட்டு
பதினொன்றிலும் வரும்,
மறுநாளிலும் வரும்.

நான் வலப்பக்க இருக்கைக்காரி.
வானிலை பார்த்தேன், எரிபொருள் பார்த்தேன்,
பிறகு முழங்காலிட்டு
கம்பளத்தில் நாய்முடி பொறுக்கினேன்.
டாஃபி நல்ல நாய்.
என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது.

என்னோடு பயிற்சி முடித்த கபிலன்
பெரிய நிறுவனத்தில் மாதம் எண்பது மணி பறக்கிறான்.
அவன் பெட்டி மட்டும்தான் அவன் தூக்குகிறான்.
எனக்குப் போன மாதம் பதினொரு மணி,
முப்பத்தெட்டுப் பெட்டிகள்,
கோல்ஃப் மட்டைகள் தனிக்கணக்கு.
ஒருமுறை,
ஈரத்துணியில் சுற்றி, மேல் துண்டு சுற்றி,
யாருக்கும் தெரியாதென நினைத்து அவர்கள் ஏற்றிய
ஆறு டுரியான்.

பறப்புப் பதிவேட்டில் பத்திகள் உண்டு.
பகல். இரவு. கருவிகளை மட்டும் நம்பிய நேரம்.
இறங்கியவை எத்தனை.
காத்திருந்ததற்குப் பத்தி இல்லை.
மாலேயில் நான்கு நாள்,
ஜகார்த்தா ஓய்வறையில் கழுத்து சுளுக்கிய ராத்திரி,
தங்கையின் வளைகாப்பில்
ஒரு கையில் வளையல், மறுகையில் கைப்பேசி,
அடிக்காத அந்த மணி
எங்கே எழுதுவது?

மூவாயிரம் வந்தால் இடப்பக்கம் உட்காரலாம்.
என்னிடம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.
நூற்று அறுபது மணி
கூப்பிடு தூரம்தான்,
யாராவது கூப்பிட்டால்.

விமானம் விற்றுப்போனதை
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
ஹுவெய் லிங் அலமாரியைத் திறந்தாள்.
முதலாளியின் பெயரெழுத்துத் தைத்த கைக்குட்டைகள்
ஒன்றுகூட இல்லை.
"இந்த வாரமா, அடுத்ததா" என்று மட்டும் கேட்டார்
கேப்டன் ஒலிவெய்ரோ.
இவர் ஓட்டிய முதலாளிகள் நால்வர்.
ஒருவர் சிறையில்.
ஒருவர் விவாகரத்தில் விமானத்தை மனைவிக்குத் தோற்றார்.
மனைவி இவரை வைத்துக்கொள்ளவில்லை.

துபாய்க்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.
கொழும்பில் எரிபொருள்.
பின்னால் எட்டு இருக்கைகளும் காலி.
எங்கோ ஒரு கண்ணாடிக் கோப்பை
மேகத்துக்கு மேகம் கிணுங்கியபடி வந்தது.
"நீயே இறக்கு" என்றார் ஒலிவெய்ரோ.
இறக்கினேன்.
சக்கரம் தொட்டது எனக்கே தெரியவில்லை.
பாராட்ட ஒரு பயணியும் இல்லாத நாளில்தான்
இப்படி வாய்க்கும்.

சாவி கொடுத்தேன்.
விமானத்துக்கும் சாவி உண்டு,
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
வாங்க வந்தவர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
தேக்கு மேசையின் கீறலைக் காட்டி
இது என்ன என்றார்.
நாய், என்றேன்.
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திரும்புகையில் நாற்பத்தொன்று ஈ.
இரண்டு தோள்களுக்கு நடுவில்
ஏழு மணி நேரம்.
சாங்கி நெருங்க நெருங்க
என் பாதங்கள் தாமாகத் தரையை மிதித்தன,
வலது, இடது, மீண்டும் வலது.
கைப்பிடியைப் பிடித்த விரல்களைப் பார்த்து
பக்கத்து அம்மா ஒரு புளிப்பு மிட்டாய் நீட்டினார்.
"முதல் தடவையாம்மா?"
ஆமாம் என்றேன்.
மிட்டாய் நன்றாக இருந்தது.

பொங்கோலில், துணிக்கம்புகளுக்குக் கீழே
பதிவேட்டை விரித்து எழுதினேன்.
எட்டு மணி பன்னிரண்டு நிமிடம்.
மீதி நூற்று ஐம்பத்தொன்று சொச்சம்.

திங்கட்கிழமை அழைப்பு வந்தது.
வேறு முதலாளி, வேறு வகை விமானம்.
மணிகள் என்னோடு வரும்,
இந்த வகையில் என் கணக்கு பூஜ்யம்.
வலப்பக்கம்தான்.
நாய் உண்டா என்று கேட்டேன்.
இல்லையாம்.
மூன்று பூனைகள்.
கம்பளம் வெள்ளை.