செலவுக் கணக்கு, ஜனவரி

ரொட்டி ஆலையில் என் வேலை அதிகாலை நான்கு மணிக்கு.
வின்னிபெக்கில் எங்கள் தெருவுக்கு முதல் பஸ்
ஐந்தே முக்காலுக்கு.
காரை நவம்பரில் விற்றுவிட்டேன்.
வாடகையாக மாறி இரண்டு மாதம் ஓடியது அது,
அதற்குமேல் ஓடவில்லை.

எண்பது டாலர்.
ரொட்டி உறையின் பின்பக்கம் எழுதி
அடியில் கோடு போட்டேன்,
கோட்டைத் தாண்டினால் அடுப்பு எரியாது.

செல்கர்க் அவென்யூவில் திருமதி ஒலெக்ஸியூக்
கராஜில் குவிந்து கிடந்ததன் அடியிலிருந்து
அதை இழுத்துப் போட்டாள்.
எஃகுச் சட்டம். பத்து கியர், எதுவும் மாறாது.
ஒட்டுப்படத்தில் ஒரு சிறகு மட்டும் மிச்சம்,
பறவை எப்போதோ போயிருந்தது.
"முன்னாள் கணவனுடையது. நாற்பது" என்றாள்.
அவனுடைய காற்றடிக்கும் பம்பையும்
சேர்த்து எடுத்துப்போவதென்றால்
முப்பது.

இந்த ஊர் தட்டை.
பத்து கியர் இங்கே
பத்து விதமாக உறைந்துபோகத்தான் உதவும்.
கேபிளுக்குள் ஈரம், ஈரத்துக்குள் ஐஸ்,
எல்லாவற்றின் மேலும் சாலை உப்பு.
ஒரே பல்சக்கரம் போதும், ஒரே சங்கிலி.
உறைவதற்கு ஒன்றும் இல்லாத வண்டி வேண்டும் எனக்கு.

சர்ச்சின் நிலவறையில் பொதுப் பட்டறை.
நாளுக்கு ஐந்து. கருவிகள் இலவசம்.
காபியும் இலவசம், குடிக்க முடியாது.
லீவர்கள் கழன்றன, கேபிள்கள் வந்தன,
கியர் மாற்றி ஒரு செத்த நண்டு போல
என் உள்ளங்கையில் விழுந்தது.
சீட் தண்டு மட்டும் ஒற்றைக்காலில் நின்றது.
எஃகுக்குள் அலுமினியம்,
இருபது வருஷ மழை நடுவில் பசையாகி.
எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன்.
என் பிரெஞ்சு வசவுகள் தீர்ந்தபின்
பக்கத்து மேசை ஹல்தோரா
ஐஸ்லாந்து மொழியில் தனக்குத் தெரிந்த ஒன்றைக்
கடனாகக் கொடுத்தாள்.
அசையவில்லை.

வீட்டுக்குள் இடமில்லை. பால்கனியில் போட்டேன்.
அந்த இரவு மைனஸ் முப்பத்தொன்று.
காலையில் ஓரமாய் நகர்த்தலாமென்று
சீட்டைப் பிடித்தேன், அவ்வளவுதான்,
ஒரு கிறீச்,
தண்டு என் கையோடு திரும்பியது.
குளிரில் எஃகைவிட அலுமினியம்
அதிகமாகச் சுருங்கும் என்று ஹல்தோரா பிறகு சொன்னாள்.
ஆண்டில் ஐந்து மாதம் நான் திட்டும் அதே குளிர்.
உறையில் எழுதினேன்:
குளிர், பூஜ்யம்.

சங்கிலி, பதினான்கு.
பிரேக் கட்டைகள், ஒன்பது.
முன்சக்கரத்துக்கு மட்டும்
ஆணி பதித்த பழைய டயர், இருபத்திரண்டு.
பின்சக்கரம் விழும்போது இடுப்பு விழும்,
முன்சக்கரம் விழுந்தால் பல் விழும்
என்பது பட்டறைக் கணக்கு.
தகர டப்பாவிலிருந்து
பதினாறு பல் சக்கரம் ஒன்று, மூன்று.

சங்கிலி நேராக ஓட
பின்சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.
முப்பத்தாறு கம்பிகள்.
ஒருபக்கம் அரைச்சுற்று இறுக்கு,
மறுபக்கம் அரைச்சுற்று தளர்த்து,
எங்கே விட்டேன் என்று மறந்து
மூன்று முறை முதலிலிருந்து.
பிறகு சங்கிலி.
ஒரு கண்ணி எடுத்தால் எட்டாது,
எடுக்காவிட்டால் தொப்பை போடும்.
அரைக்கண்ணி ஆறு டாலர். கையைக் கடிக்கும்.
டப்பாவை மறுபடி கிளறி
பதினாறைப் போட்டுப் பதினேழை எடுத்தேன்.
ஒரே ஒரு பல்.
சங்கிலி மூச்சை உள்ளிழுத்தது போல நிமிர்ந்தது.

செத்த நண்டை ஹல்தோரா
தம்பியின் வண்டிக்கென்று பத்துக்கு வாங்கினாள்.
பட்டறைக்கு இரண்டு நாள், பத்து.
கூட்டிக் கழித்தால் எழுபத்தெட்டு.
மீதி இரண்டுக்கு மணி வாங்கலாம்,
ஆனால் மூன்றரை மணிக்கு
யாரைப் பார்த்து அடிப்பது?

ரயில் தண்டவாளங்களுக்கு மேலே போகும் பாலம்தான்
என் வழியில் இருக்கிற ஒரே மலை.
மாற்ற எதுவும் இல்லாததால்
எழுந்து நின்று மிதித்தேன்.
கீழே தானிய வேகன்கள் வரிசையாய்,
இமை மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்ட,
ஆணிகள் ஐஸைக் கொறிக்கிற சத்தம் மட்டும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆலை வாசல்.

பூஜ்யம் என்று எழுதியது அவசரம்.
இடது கையில் இரண்டு விரல்களை
வழியிலேயே வசூல் செய்திருந்தது குளிர்.
ஆறு மணிவாக்கில், முதல் தட்டு வெளியே வந்தபோது,
திருப்பிக் கொடுத்தது,
வட்டியாகக்
கொஞ்சம் வலியோடு.