மற்றப் பக்கம்

தட்டாதெருச் சந்திச் சலூனில்
நுரை பூசிவிட்டு பிளேட் மாற்றுகிறான் நிரோஜன்.
நாளைக்கு மகளுக்குக் காது குத்து.
இந்தத் தாடியோடு படத்துக்கு நிற்க வேண்டாமென்று
மூன்று நாளாய்ச் சொல்கிறாள் கௌசி.

இடப்பக்கம் முடிந்தது.
ரேடியோவில் மரண அறிவித்தல்.
நிமிர்ந்து பார்த்தேன்.

முகமாலையில்
தலை போன பனையில் ஆணியடித்து
அவன் கொழுவியிருந்தது
இதைவிடச் சின்னக் கண்ணாடி.
வெயில் பட்டு அது மினுங்கியிராவிட்டால்
எனக்குத் தெரிந்தே இராது.
பாதி முகத்தில் நுரை.
வாய் அசைந்தது,
பாட்டாக இருக்கலாம்.
மூச்சை அடக்கி மூன்று எண்ண வேண்டும்;
இரண்டிலேயே விரல் முந்திவிட்டது.

பின்னேரம் பொறுப்பாளர்
ஒரு ரின் கட்டிப்பால் தந்தார்.
ஆணியால் ஓட்டை போட்டு
அண்ணாந்து உறிஞ்சினேன்.

சுட்டதைக் கௌசியிடம் சொல்லியிருக்கிறேன்,
கலியாணத்துக்கு முன்னமே.
இனித்ததைச் சொன்னதில்லை.

"அண்ணை, மற்றப் பக்கம் திரும்புங்கோ."

காசைக் கதிரையில் வைத்தேன்.
"என்னண்ணை, வெட்டிப்போட்டேனோ?"
இல்லையென்று தலையாட்டியது மட்டும் ஞாபகம்.
கழுத்தில் அவன்ரை துவாய்,
கால் சைக்கிளை உழக்குகிறது.
ரியூசன் விட்டு வந்த பெடியள்
பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

கொக்குவில் கடவையில் கேற் பூட்டியிருந்தது.
கொழும்பு றெயில் இன்னும் வரவில்லை.
வலக்கன்னத்தில் நுரை
காற்றுப் பட்டுக் காய்ந்து
தோலை இழுக்கிறது.

அவனுக்கு இதை
யார் துடைத்துவிட்டிருப்பார்கள்?