பிந்தி உறைப்பது

முதலில் ஒன்றுமே இல்லை.
பிளம்பழத் தோலின் துவர்ப்பு,
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு சிறிய இனிப்பு.
"இதுதானா உன் மலைமிளகு?" என்றார் நெவில் டிரெதவி,
என் சமையலறையில், தொப்பியைக் கழற்றாமல்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டார்.
மூன்றாவதை விரலிடுக்கில் உருட்டியபடி
மாட்டு விலை பேச ஆரம்பித்தார்.
"இந்த வருஷம் ஒரு கன்றுக்கு" என்ற இடத்தில்
பேச்சு நின்றது.

நாக்கின் ஓரங்களில் தொடங்கும் அது.
அங்கிருந்து அண்ணத்துக்கு ஏறி
உதடு மரத்து, கண் ததும்பி,
யாரோ கதவைத் திறந்து
பனிக்காற்றையும் நெருப்பையும்
ஒன்றாக உள்ளே விட்டதுபோல.
தண்ணீர் குடித்தால் கூடும்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

டாஸ்மேனியாவின் இந்த மேட்டில், மியெனாவுக்கு மேலே,
ஏப்ரலில் பறிக்க வேண்டும்.
சிவந்த தண்டு, கரும்பச்சை இலை, அதனடியில் கறுப்பு மணிகள்.
எனக்கு முன்னால் கர்ராவாங் வந்துவிடும்,
மஞ்சள் கண்ணால் கணக்குப் பார்த்துக்கொண்டு.
ஒரு வாலபித் தொடைக்கு ஐந்து மணி போதும்.
ஆறு என்றால் விருந்தாளி திரும்பி வரமாட்டார்.
கொதிக்க விட்டால் காரம் ஆவியாகப் போய்விடும்,
அடுப்பை அணைத்த பிறகு நசுக்கிப் போடு.
பாலாடைக் குழம்பு ஊதாவாக மாறும்.
சாலை போட வந்தவர்கள் முதல் வெள்ளிக்கிழமை
தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.
இரண்டாம் வெள்ளி ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கமும் அதே செடிகள்,
நெவிலுடைய நிலத்தில், முப்பதுக்குக் குறையாமல்.
பூக்கும். காய்க்காது.
ஒரு மணிகூடக் கண்டதில்லை.
வேலியை மட்டும் வளைத்துக்கொண்டே வந்தன.
தண்டச் செடிகள், வெட்டிவிடுங்கள் என்று
நான்தான் கடிதம் எழுதினேன்,
இரண்டு முறை, இரண்டாம் முறை கொஞ்சம் சூடாக.
ஆகஸ்டில் இயந்திரம் கொண்டுவந்து வழித்தெடுத்தார்.
புதுக்கம்பி நேராக நின்றது.
நன்றி சொல்லி ஒரு பாட்டில் மிளகு வினிகர் அனுப்பினேன்.

நவம்பரில் என் செடிகள் பூத்தன.
ஏப்ரலில் கூடையோடு போனேன்.
ஒன்றும் இல்லை.
இலையைக் கடித்தேன், இலையில் காரம் இருந்தது.
கிளையை விலக்கினேன், அடுத்த கிளையை, அதற்கடுத்ததை.
கர்ராவாங் கதவுக்கட்டையில் உட்கார்ந்து
நான் ஒளித்துவைத்ததுபோல என்னையே பார்த்தது.

டெலொரைன் நாற்றங்காலில் இருந்து
இமஜென் பர்டெட் தொலைபேசியில் கேட்டாள்:
"உன்னுடையவை எல்லாம் பெண்செடிகள். ஆண்செடி எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு
கடிகாரத்துக்கு அடியில் நின்றேன்.
தண்ணீர் குடித்தேன்.

அந்த வருஷம் குழம்பு வெள்ளையாகவே போனது.
சாலைக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை,
உப்பை மட்டும் அதிகம் கேட்டார்கள்.
நெவில் வினிகர் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தார்,
இன்னொன்று கிடைக்குமா என்று.
சொன்னேன். என் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
போய்விட்டார்.

நவம்பரில் ஒரு விடியற்காலை
என் செடிகளுக்கு நடுவே ஒரு பால்வாளி.
அதில் தண்ணீர், தண்ணீரில் கிளைகள்,
அவருடைய மேல்மேய்ச்சல் காட்டிலிருந்து வெட்டியவை,
வெளிர்மஞ்சள் பூவோடு.
ஈக்கள் வாளிக்கும் செடிக்கும் போய்வந்துகொண்டிருந்தன,
சின்னச்சின்னத் தபால்காரர்கள்.

அந்த ஏப்ரலில் பதினொரு மணிகள்.
ஒன்பது கர்ராவாங்குக்குப் போயிற்று.
மிச்சம் இரண்டை ஒரு தட்டில் வைத்து
நெவிலைக் கூப்பிட்டேன்.
ஆளுக்கொன்று.
முதலில் ஒன்றுமே இல்லை.
"கன்று என்ன விலை போகிறது?" என்று கேட்டேன்.