பட்டும் படாமலும்

காலை ஒன்பது மணி. ஜன்னலில் இன்னும் நடுராத்திரி.
சூரியன் வர பத்து நாள் பாக்கி.
பாட்ஸ்ஃபியோர் துறைமுகத்தில் அதை யாரும் பேசுவதில்லை,
விளக்கை மட்டும் அணைக்காமல் விடுகிறார்கள்.

ஐலர்ட்டின் படகிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு காட் மீன்கள்.
தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுக்கிறேன்.
மொச்சைக்கொட்டை அளவுதான். உடைத்தால்
உள்ளே வளையங்கள்:
கோடைக்கு ஒரு பால்வெள்ளை, குளிருக்கு ஒரு கண்ணாடி.
எண்ணினால் வயது.

கிடையச்சில் வயது, குத்தச்சில் நீளம்,
மீனுக்கு ஒரு புள்ளி.
முதல் இருபதில் ஒன்றும் புரியவில்லை,
யாரோ பேனாவை உதறியதுபோல் இருந்தது.
அறுபதாவது வைக்கும்போது
தாள் மெல்ல வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்தது.
கூட்டத்துக்கு ஒரு திசை இருப்பது
கூட்டத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

கோடு எங்கே போடுவது?
ஸ்கேலை உயர்த்தினால் கீழே உள்ளவை தனித்துப்போகின்றன,
தாழ்த்தினால் மேலே உள்ளவை.
ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்கு
நேர்குத்தாக ஒரு நூல் தொங்கவிடு.
அந்த நூலின் நீளம்தான் மிச்சம்.
மேல்மிச்சமும் கீழ்மிச்சமும்
ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க
ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கு, பிறகு கூட்டு.
எந்தச் சாய்வில் அந்தக் கூட்டுத்தொகை
இதற்குமேல் குறையாது என்கிறதோ
கோடு அங்கே உட்காரும்.

உட்கார்ந்தது.
நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைக்கூடத் தொடாமல்,
பட்டும் படாமலும்
எல்லாவற்றுக்கும் நடுவே போனது.

ஐலர்ட் வந்தான், பூட்ஸில் பனி, கையுறையில் டீசல் வாசம்.
"இதில் என் மீன் எது?"
எல்லாமே உன்னுடையதுதான்.
"இந்தக் கோடு?"
அது எந்த மீனும் இல்லை.
"போன வருஷம் என் பங்கைக் குறைத்தது
இந்த எந்த மீனும் இல்லாததுதானே, அஸ்லாவ்க்?"
பதில் இல்லை என்னிடம். காபி ஊற்றினேன்.

குடித்துக்கொண்டே ஒரு புள்ளிமேல் விரல் வைத்தான்.
எண்பத்து மூன்றாவது மீன்.
பதினோரு வளையம், ஐம்பத்தொரு சென்டிமீட்டர்,
வயதில் பாதிகூட வளராமல்
தாளின் அடியில் தனியாக.
"இதை அழித்துவிடு. கோடு அழகாகும்."

தெரியும். அவன் வருமுன்பே
அழித்துப் பார்த்துவிட்டேன். அழகாகத்தான் ஆனது.
பிறகு அதே மீனின் மறுகாதுக் கல்லை உடைத்து
விளக்கடியில் திருப்பித் திருப்பி எண்ணினேன்.
பதினொன்று. மறுபடியும் பதினொன்று.
தப்பு என்னுடையதாக இருந்தால் திருத்தியிருப்பேன்.
இது மீனுடையது.
புள்ளியைத் திரும்ப வைத்தேன்,
கோடு ஒரு மயிரிழை தலைகுனிந்தது.

ஐலர்ட் ஸ்கேலை எடுத்துக்கொண்டான், சிறுபிள்ளைபோல.
கோட்டை இடப்பக்கம் நீட்டினான்:
"பிறக்கும்போதே பதினாறு சென்டிமீட்டர்!
அம்மா பாவம்."
வலப்பக்கம் தாளைத் தாண்டி மேசைமேலும் நீட்டினான்:
"நூறு வயதில் எட்டு மீட்டர். அது மீன் இல்லை,
என் படகு."
இருவரும் சிரித்தோம். அன்றைக்கு முதல் சிரிப்பு.

ரப்பரால் இரண்டு முனையையும் அழித்தேன்.
புள்ளிகள் முடிகிற இடத்தில்
கோட்டுக்குப் பேச்சில்லை.
மேசையில் மட்டும் பென்சில் தடம் போகவில்லை.

அவன் போனபின்
எண்பத்து மூன்றின் உடைந்த நாலு துண்டுகளையும்
காகித உறையில் போட்டு எண் எழுதினேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
எந்தக் குளிரில் அதற்கு இரை கிடைக்கவில்லை,
எந்தக் கோடை அதைக் கவனிக்காமல் கடந்தது,
வளையத்தில் அது இல்லை.
கேள்விக்குறி ஒன்று போட்டேன்.

அடுத்த பெட்டி இன்னும் உறைந்திருக்கிறது.
நாற்பது மீன்.