இடது முழங்கால்

அவள் பெயர் மேவிஸ் லார்க்.
கம்பெனி வைத்த பெயர். அப்பன் வைத்தது
விளம்பரப் பலகைக்கு நீளமாம்.
பெயரை வெட்டுவது எங்கள் செக்ரோல் கிராணிக்கும் தெரிந்த வேலைதான்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அவள் வந்த வரிசையே தப்பு.
முதலில் வந்தது கடைசிக்கு முந்தின படம்:
கதாநாயகிக்குச் சித்தி,
பியானோவில் சாய்ந்தபடி ஒரே ஒரு பாட்டு.
அடுத்த வருஷம், அடைமழையில்,
தகரப் பெட்டிக்குள் அவளுடைய பத்தொன்பது வயசு வந்தது.
'வயசு கொறையுதே, என்ன மருந்து டிரெசரய்யா?'
என்றாள் மூணாம் நம்பர் லயத்துச் சிகப்பாயி.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்.
பகலில் கொய்னா, அயோடின், பேதி மாத்திரை.
மாசத்தில் ஒரு சனிக்கிழமை
திடலில் வெள்ளைத் துணி கட்டினால்
மைக் பிடித்துப் படத்துக்குத் தமிழ் சொல்வதும் நான்தான்.
இங்கிலீஷ் பாதி புரியும்.
மீதிப் பாதியை நானே போட்டுக்கொள்வேன்.
காதலன் மண்டியிட்டு ஏதோ கேட்டான்,
அவள் உதட்டைக் கடித்து ஏதோ சொன்னாள்.
'சம்பள நாள் கழியட்டும், பாக்கலாம்' என்றேன்.
திடலே விழுந்து விழுந்து சிரித்தது.
தண்டல்கூட.

பாட்டு வந்தால் மைக்கை அணைத்துவிடுவேன்.
அப்போது பெண்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான்.
முப்பத்தாறு படி, பளிங்கு,
பின்னோக்கியே இறங்குவாள், குனிந்து பாராமல்.
'மேட்டுக்காட்டுல எறங்கட்டும், மழையில,
ரெண்டு வாளிப் பாலோட'
என்றாள் சிகப்பாயி. கொஞ்சம் பொறுத்து,
'எறங்கிருவா' என்றாள்.

ஐந்தாவது பெட்டியில்தான் கண்டேன்.
குதித்து நிற்கும்போது எடை மொத்தமும் வலது காலில்.
இடது முழங்கால் அரை நொடி யோசிக்கிறது.
வழுக்கி விழுந்த முழங்கால்
எத்தனை கட்டியிருப்பேன் நான்.
கதையை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னேன்:
'இது பழைய அடி. உள்ளே கட்டுப் போட்டுத்தான் ஆடுகிறாள்.'
யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து வந்ததில் கேமரா
இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை.
இறங்கிய ஒரே இடத்தில் ஆடியது வேறொருத்தி.
அதைக் கண்டது நானல்ல, சிகப்பாயி:
'கணுக்கால் எலும்பு வேற.'

பிறகு ஒரு நாள்
சிங்கப்பூரிலிருந்து வந்த மருந்துப் போத்தலைச்
சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் அவள்.
பாதிதான் இருந்தது, மீதி ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது.
மூன்று கல்யாணம். கம்பெனியோடு வழக்கு.
பற்பசை விளம்பரம்.
பாடியதும் அவள் இல்லையாம்,
அடைத்த அறையில் நின்று இன்னொரு பெண் பாடியிருக்கிறாள்,
பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி,
பெயர் போடுவதில்லை என்று கையெழுத்து.

தாளை நீவி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பாட்டு அவளுடையது இல்லை.
எங்கள் திடலில் பேச்சும் அவளுடையது இல்லை, அது என் திருட்டு.
வீக்கம் மட்டும்
யாரும் அவளுக்காகப் பட்டிருக்க முடியாது.

வெளியே பெஞ்சில் சிகப்பாயி.
மேட்டுக்காட்டில் வாளியோடு விழுந்திருக்கிறாள்.
இடதுதான்.
ஏழு நாள் ஓய்வு என்று சீட்டு எழுதினேன்.
மானேஜர் ஏழை அடித்து இரண்டு என்று எழுதி அனுப்பினார்,
சிவப்பு மையில், அழகான கையெழுத்து.

அவள் செத்துப்போன சேதி ரேடியோவில்
வானிலைக்கு முன்னால் வந்தது.
அந்த மாசமே பழைய பெட்டி திரும்ப வந்தது, பளிங்குப் படி வருகிற படம்.
எனக்கு வாய் வரவில்லை.
'சொல்லுங்கய்யா, சொல்லுங்க' என்று திடல் கத்துகிறது.
திரையில் அவள் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

சிகப்பாயி எழுந்து மைக் பக்கம் வந்தாள், ஒரு காலைச் சாய்த்து.
'கால நீட்டி உக்காரச் சொல்லுங்க அவள' என்றாள்.

சொன்னேன். மைக்கில்,
வார்த்தை பிசகாமல்.
அவள் அப்போது இருபத்தெட்டாம் படியில் இருந்தாள்,
முதுகைக் காட்டிக்கொண்டு,
இன்னும் எட்டுப் பாக்கி.