குழியின் அளவு

இருநூற்றுப் பதினான்கு என்றார்கள்.
அந்தக் கணக்குக்குத்தான் தோண்டினேன்,
நீளம் பன்னிரண்டு மீட்டர், ஆழம் நான்கு.
தெஸ்ஸாலிச் சமவெளி மண் அடம்பிடிக்காது.
வெள்ளம் விட்டுப்போன வண்டல்
வாளிக்குள் அல்வாத்துண்டாய் வந்து விழும்.

வாய்க்கால் வெட்டுவது என் பிழைப்பு.
நகராட்சி மணிக்கு இவ்வளவு என்று பேசும்,
எதற்கென்று நான் கேட்பதில்லை.

அம்மை கண்டது பதினோரு ஆட்டுக்கு.
வாலடியில், மடியில், உதட்டோரத்தில்
ஊறவைத்த கொண்டைக்கடலைபோல முண்டுமுண்டாய்.
மிச்சமெல்லாம் நின்று அசைபோட்டன
நாளைக்கும் புல் உண்டு என்பதுபோல.

"ஒன்றுக்கு வந்தால் பட்டிக்கே வந்த மாதிரி, ஸ்தெர்யோஸ்.
சட்டம் அப்படி."
மருத்துவர் எவ்தோகியாவின் கண்ணாடி
ஆவி பிடித்திருந்தது.
கையுறையோடு துடைக்க முடியாமல்
மங்கலாகவே எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தெர்யோஸ் வாதாடவில்லை.
அவன் மனைவி அசிமீனா
வந்த ஏழு பேருக்கும் காபி போட்டு
வேலிக்கல்லில் வரிசையாக வைத்தாள்.
யாரும் முகமூடி கழற்றவில்லை.
ஏழு கோப்பையிலும் ஈ விழுந்தது.

என் இருக்கை
தரையிலிருந்து இரண்டரை மீட்டர்.
கீழே நிற்பவர்களுக்குச் சோளக்கூண்டு மறைக்கும்.
எனக்கு அதன் முதுகுப்பக்கமும் தெரியும்.
அங்கே ஒரு பழைய பிக்கப்.
அதன் மேல் தார்ப்பாய்.
தார்ப்பாய் மூச்சு விட்டது.
காதில் நீல மை பூசிய தலையொன்று வெளியே நீண்டது.
சின்னக் கை ஒன்று, பையனுடையது,
அதை மெல்ல உள்ளே அமுக்கியது.
பிறகு வண்டி
விளக்குப் போடாமல்
கிழக்கே.

இருட்டும் நேரம் எண்ணி முடித்தார்கள்.
இருநூற்றுப் பதிமூன்று.
எவ்தோகியா பட்டியலை விரலால் தடவினாள்.
"ஒன்று குறைகிறது."
"ஓநாய்" என்றான் ஸ்தெர்யோஸ்,
"போன வாரம்."

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.
"மேலேயிருந்து ஏதாவது தெரிந்ததா?"
இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
கேட்காதவனாகக் காதருகே கையை வைத்தேன்.
அவள் இரண்டாம் முறை கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன் என்றுதான்
இன்றுவரை வைத்திருக்கிறேன்.
அவள் கேட்கவில்லை.
சுண்ணாம்பு கொட்டினார்கள்.

அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினேன்.
ஒரே ஓர் ஆடு.
ஒரு பையன்.
எனக்கும் பையன் இருக்கிறான்.

பதினாறாம் நாள் நகராட்சியிலிருந்து போன்.
கிழக்கே, பாலம் தாண்டி, ஐந்து பட்டி.
"தொள்ளாயிரத்துச் சொச்சம்" என்றது குரல்.
சொச்சம் வேண்டாம், எண் சொல்லு என்றேன்.
குழி வெட்டுபவனிடம்
சொச்சம் என்று பேசக் கூடாது.

தொள்ளாயிரத்து ஆறு.

விடிவதற்குள் வண்டியை இறக்கினேன்.
அங்கே மண் வேறு, கூழாங்கல் கலந்தது,
வாளியின் பற்கள் கிறீச்சிட்டன.
அந்த ஊரில் யாரும் காபி வைக்கவில்லை.
கதவுகளுக்குப் பின்னால்
ஆளுக்கொரு மூலையில் நின்றிருப்பார்கள்.

மூன்றாம் பட்டியைக் கொண்டுவந்து கிடத்தியபோது பார்த்தேன்.
மை கொஞ்சம் வெளுத்திருந்தது, நீலம்தான்.
இமை மூடாதபடி முண்டு.
அட்டை கழற்றிய காதில் ஓட்டை மட்டும்.
பட்டியலில் அதற்குப் பெயரில்லை, எண்ணில்லை.

எவ்தோகியா அதன் முன்னால்
குனிந்து கொஞ்ச நேரம் இருந்தாள்.
அன்று அவள் கண்ணாடியில் ஆவி இல்லை.
நிமிர்ந்து என் பக்கம் தலையசைத்தாள்.
வணக்கமாகவும் இருக்கலாம்.

நான் இன்ஜினை அணைத்தேன்.
இப்போது எதுவும் கேட்கும்.
அவள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

குழியை
தொள்ளாயிரத்து ஏழுக்குத்தான் வெட்டியிருந்தேன்.