வாசித்துக் காட்டப்பட்டது

பாடநூல், பதினோராம் அத்தியாயம்:
இவ்வகைக் குற்றவாளி பெரும்பாலும் நேரம் தவறாதவர்,
அயலில் நல்ல பெயர் உள்ளவர்,
கையில் ஆயுதம் இராது.
பச்சை மையால் கோடிழுத்தேன்.
இழுத்து முடிக்கையில் நினைவு வந்தது,
ஏழு வருடம்
எட்டு இருபதுக்கே கந்தோர் திறந்தவள் நான்.

மாங்குளம் சந்தி, மேல்மாடி.
கண்ணாடிக் கதவு, ஏசி,
கலண்டரில் யாரோ ஒருவரின் நெல்வயல்.
வருகிறவர்கள் படியடியில் செருப்பைக் கழற்றினார்கள்.
கழற்ற வேண்டாமென்று
ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஒப்பந்தம் பதினாலு பக்கம், முழுக்க ஆங்கிலம்.
கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும்
தமிழில் ஒரு ரப்பர் முத்திரை:
"மேற்கூறிய யாவும் வாசித்துக் காட்டப்பட்டு,
விளங்கிக்கொண்டபின் ஒப்பமிடப்பட்டது."
அதற்குக் கீழே, சாட்சி.
சாட்சி நான்.

வாசித்தால் நாற்பது நிமிடம்.
ஓர் ஆளுக்கு மனேஜர் தந்தது நாலு.
"மாதம் இவ்வளவு. முப்பத்தாறு மாதம்.
பிந்தினால் கொஞ்சம் கூடும்."
அந்தக் கொஞ்சம்
ஒன்பதாம் பக்கத்தில்
ஐந்து உபபிரிவாக நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.
நான் பொய் சொல்லவில்லை.
சுருக்கினேன்.

இப்போது வவுனியாவில் வார இறுதி வகுப்பு.
விரிவுரையாளர் பலகையில் பெட்டி பெட்டியாய்க் கீறுகிறார்:
உச்சியில் இயக்குநர் சபை, அதன்கீழ் பிராந்தியம்,
அதற்கும் கீழே கிளை.
கட்டளை இறங்குகிற அம்பு சிவப்பு,
காசு ஏறுகிற அம்பு நீலம்.
"இதில் எந்தப் பெட்டிக்குள் குற்றம்?"
பின்வாங்கிலிருந்து ஒருவர்:
"பெட்டிக்குள்ள இல்லை சேர், கோட்டில."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
பிந்தினால் கூடும்.

நேர்காணல் இலக்கம் ஆறு: யோகமலர், முத்தையன்கட்டு.
நாள் கேட்டுத் தொலைபேசி எடுத்தபோதே
"மாங்குளம் கந்தோர்ப் பிள்ளையெல்லோ" என்றா.
பிறகு, நான் கேட்காமலே:
"பொலிசுக்கும் போனனான்.
களவெண்டால் எழுதலாமாம்,
இது கடதாசியில சரியாக் கிடக்காம்."

சனிக்கிழமை, பத்து மணி வெயில்.
லாண்ட்மாஸ்டர் நின்ற கொட்டிலில்
கச்சான் பரவிக் கிடந்தது.
முப்பத்தோராவது தவணையில் இழுத்துப் போனார்கள்,
விதைப்புக்கு நாலு நாள் இருக்க.
கச்சான் படாமல் ஒதுக்கி விட்ட இடத்தில்
எண்ணெய்க் கறை,
சாப்பாட்டுக் கோப்பை அளவில்.

பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்தேன்.
பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு ஒப்புக்கொண்டது,
இரண்டே பக்கம், நல்ல தமிழ்.
கடைசி வரி:
"வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கிக்கொண்டேன்."

யோகமலர் கடதாசியைப் பார்த்தா.
என்னைப் பார்த்தா.
"இதையும் நீங்கள்தானே வாசிச்சுக் காட்டப் போறியள்?"
கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.
சந்தையில் விலை கேட்கிற குரல் அது.

வாசித்தேன்.
முதல் வரியிலிருந்து, முறைப்பாட்டு இலக்கம் வரை,
அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல்.
நடுவில் பக்கத்து வளவு மாடு கச்சானில் வாய் வைத்தது.
எழும்பிப் போய்க் கலைத்துவிட்டு வந்து குந்தினா:
"விட்ட இடத்தில இருந்து வாசியுங்கோ."
விட்ட இடம் எனக்கு மறந்துவிட்டது.
அவவுக்கு மறக்கவில்லை.
"எந்த நேரமும் விலகலாம் எண்டதில நிண்டனீங்கள்."

முடிந்தது. இருபத்தாறு நிமிடம்.
பேனையை நீட்டினேன்.
வாங்கி, மூடி, மடியில் வைத்தா.
"மகள் ரியூசனால வரட்டும்.
அவளும் ஒருக்கா வாசிக்கட்டும்.
சாட்சி எண்டு கிடக்கிற இடத்தில
நீங்கள் மட்டும் போடாதேங்கோ."

அதுவரைக்கும்
ஒரு பிடி கச்சான் தந்தா.
கோதில் ஈரம் காயவில்லை,
உடைக்க நகம் நோகிறது.
பதிவுக் கருவியை
இன்னும் நான் அமத்தவில்லை.